படக்கோப்பின் வடிவத்தை மாற்றும்போது மெட்டாடேட்டா எங்கே போகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் எடுத்த சில ஆயிரம் ஹெச்இஐசி படங்களையும், பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த டிஃப் கோப்புகளையும் ஓர் இலவச மென்பொருளில் போட்டு ஜேபெக் ஆக்கியிருக்கிறீர்கள். இப்போது எல்லாப் படங்களும் மாற்றிய அன்றைக்கே எடுத்தவை போல வரிசையில் நிற்கின்றன. இடக்குறிப்பு இல்லை. டிஃப் கோப்புகளில் நீங்கள் தமிழில் எழுதி வைத்த விளக்கங்கள் சிலவற்றில் காணாமல் போய்விட்டன, சிலவற்றில் புரியாத குறிகளாகக் கிடக்கின்றன. நிமிர்ந்த வாக்கில் எடுத்த படங்கள் சில படுத்துவிட்டன. இதெல்லாம் நேராமல் வடிவத்தை மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். மூலக் கோப்புகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் உங்களுக்கு உண்மையில் எந்த இழப்பும் நேரவில்லை. படங்களை மறுபடியும் மாற்றக்கூடத் தேவையில்லை, மூலத்திலிருந்து தகவல்களை மட்டும் எடுத்து ஏற்கெனவே மாற்றிய ஜேபெக் கோப்புகளுக்குள் வைத்துவிடலாம். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் வேறு பிழைகள் புகுந்துவிடும். எனவே மெட்டாடேட்டா, அதாவது படத்தைப் பற்றிய தகவல்கள் என்ற பெயரில் ஒரு படக்கோப்புக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குவது நல்லது.

நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் உள்ளே இருப்பவை தனித்தனிப் பொட்டலங்கள். முதலாவது எக்ஸிஃப். ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பான ஜேஐடா 1995-இல் வெளியிட்ட தரம் இது. எடுத்த நேரம், கேமராவின் பெயர், லென்ஸ், துளை அளவு, ஒளிபடும் நேரம், ஜிபிஎஸ் புள்ளி ஆகியவை இதில்தான் இருக்கும். இரண்டாவது ஐபிடிசி. செய்தி நிறுவனங்கள் படங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக 1991-இல் உருவான அமைப்பு இது. தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், உரிமை ஆகியவற்றுக்கானது. மூன்றாவது, அடோபி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி. இது எக்ஸ்எம்எல் எழுத்து வடிவில் இருப்பதால் எந்த மொழியையும் தடையின்றி ஏற்கும். 2012-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆயிற்று. நான்காவது ஐசிசி எனப்படும் நிற விவரம். பலர் இதை மெட்டாடேட்டாவில் சேர்ப்பதே இல்லை, ஆனால் இது விடுபட்டால்தான் கண்ணுக்கு உடனே தெரியும். இன்றைய கைப்பேசிகள் பல டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் படத்தைச் சேமிக்கின்றன. அந்த நிற விவரம் கழன்று போனால் பார்க்கும் மென்பொருள் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய, வழக்கமான நிறவெளி என்று எடுத்துக்கொண்டு வெளுத்துப் போன சிவப்பையும் பச்சையையும் காட்டும்.

ஒரு ஜேபெக் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் இந்தப் பொட்டலங்கள் கண்ணுக்கே தெரியும். கோப்பு எஃப்எஃப்-டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும். கேமரா கோப்பாக இருந்தால் பெரும்பாலும் அடுத்தே எஃப்எஃப்-இ1 வரும். அதாவது ‘ஆப்1’ பகுதி. பிறகு இரண்டு பைட்டில் அந்தப் பகுதியின் நீளம், அதன்பின் எக்ஸிஃப் என்ற சொல்லின் நான்கு லத்தீன் எழுத்துகள், இரண்டு பூச்சியங்கள். அதற்கும் பின்னால் வருவது, விந்தை என்னவென்றால், ஒரு குட்டி டிஃப் கோப்பின் தலைப்பகுதியேதான்: பைட் வரிசையைச் சொல்லும் இரண்டு எழுத்து, பிறகு 42 என்ற எண். எக்ஸ்எம்பியும் இதே ஆப்1 என்ற பெயரில்தான் வேறொரு பகுதியாக இருக்கும். நிற விவரம் ஆப்2-இல் இருக்கும். ஐபிடிசி ஆப்13-இல், போட்டோஷாப்பின் பெட்டி ஒன்றுக்குள் பெட்டியாக இருக்கும். நீளத்தைச் சொல்ல இரண்டு பைட் மட்டுமே இருப்பதால் ஒரு பகுதி 65,535 பைட்டைத் தாண்ட முடியாது.

வடிவ மாற்றம் என்றால் என்ன நடக்கிறது என்பதை இப்போது எளிதில் ஊகிக்கலாம். மென்பொருள் மூலக் கோப்பிலிருந்து புள்ளிகளை, அதாவது நிற எண்களை மட்டும் விரித்து எடுக்கிறது. அந்த எண்களைப் புதிய வடிவத்தில் சுருக்கி எழுதுகிறது. பொட்டலங்களைத் தூக்கி வருவது தனி வேலை. மென்பொருளை எழுதியவர் அதைச் செய்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கூகுள் தரும் சிடபிள்யூவெப்பி என்ற கட்டளை வரிக் கருவி, வெப்பி என்ற படவடிவக் கோப்பை உருவாக்கும்போது நீங்கள் கேட்டாலொழிய எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, நிற விவரம் எதையும் எடுத்து வராது. மூன்றையும் கொண்டுவா என்று தனி விருப்பத்தில் சொல்ல வேண்டும். பைத்தான் நிரலாளர்கள் பயன்படுத்தும் பில்லோ நூலகத்தில் ஜேபெக் படத்தைத் திறந்து அப்படியே சேமித்தாலும், எக்ஸிஃப்பைக் கையில் எடுத்துக் கொடுக்காவிட்டால் அது விடுபடும். இமேஜ்மேஜிக் என்ற கருவி நேர்மாறாக, ‘ஸ்ட்ரிப்’ என்று சொல்லாத வரை இயன்றதை எடுத்து வரும். இணையத்தில் கிடைக்கும் ஒரு மாற்றி மென்பொருளுக்குள் இவற்றில் எது ஓடுகிறது என்பதை முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், தீராது. உங்கள் படங்கள் சில படுத்துக் கிடப்பதற்கே காரணம் அரைகுறையான நகலெடுப்புதான். மெட்டாடேட்டாவில் இரு வகை கலந்து கிடக்கிறது. எடுத்த நேரம், இடம், கேமரா, விளக்கம் ஆகியவை படம் பிறந்த கணத்தைப் பற்றியவை. கோப்பின் வடிவம் எத்தனை முறை மாறினாலும் இவை மாறக் கூடாது. படத்தின் அகல உயரம், திசைக்குறி, உள்ளே செருகியுள்ள சிறுபடம், நிறவெளிக்குறி ஆகியவை அந்தக் குறிப்பிட்ட கோப்பைப் பற்றியவை. கோப்பு மாறினால் இவற்றையும் புதிதாக எழுத வேண்டும். முதல் வகையை விட்டுவிடுவது ஒரு பிழை என்றால், இரண்டாம் வகையைக் கொண்டுவந்து ஒட்டுவது அதே அளவு பிழை.

திசைக்குறியை எடுத்துக்கொள்வோம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் உள்ளே உள்ள உணரி படுத்த வாக்கிலேயே புள்ளிகளை எழுதுகிறது; ‘காட்டும்போது வலப்பக்கமாக 90 பாகை திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப்பில் 6 என்ற எண்ணைப் போட்டுவிடுகிறது. மொத்தம் எட்டு மதிப்புகள் உண்டு. 1 என்றால் திருப்ப வேண்டாம், 3 என்றால் தலைகீழ், 8 என்றால் இடப்பக்கமாக 90 பாகை, மற்ற நான்கிலும் கண்ணாடிப் பிம்பக் கணக்கு வரும். மாற்றி மென்பொருள் புள்ளிகளையே திருப்பி எழுதிவிட்டு, 6 என்ற எண்ணையும் அப்படியே நகலெடுத்தால், பார்க்கும் மென்பொருள் இன்னொரு முறை திருப்பும், படம் படுத்துவிடும். புள்ளிகளைத் திருப்பாமல் எண்ணையும் விட்டுவிட்டாலும் அதே கதிதான். ஹெச்இஐசியில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த வடிவத்தில் திருப்பும் கட்டளை எக்ஸிஃப்புக்கு வெளியே, கோப்பின் சொந்தக் கட்டமைப்பில் ‘ஐராட்’ என்ற பெட்டியில் இருக்கிறது. உள்ளே உள்ள எக்ஸிஃப்பிலும் 6 என்று எழுதியிருக்கும், ஆனால் ஹெச்இஐசியைத் திறக்கும் மென்பொருள் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பதே விதி. ஜேபெக்கிற்கு வந்ததும் அதே 6 உயிர் பெற்றுவிடுகிறது. ஆகவே ஹெச்இஐசியிலிருந்து மாற்றிய ஜேபெக் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால், புள்ளிகள் திருப்பப்பட்டிருக்க வேண்டும், திசைக்குறி 1 ஆக இருக்க வேண்டும்.

சிறுபடம் அதைவிட நுட்பமான தொல்லை. எக்ஸிஃப்புக்குள் பொதுவாக 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டி ஜேபெக் இருக்கும். நீங்கள் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, பழைய எக்ஸிஃப்பை அப்படியே ஒட்டினால், வெட்டியெறிந்த பகுதி அந்தச் சிறுபடத்தில் பத்திரமாக இருக்கும். ஒரு முறை நான் அனுப்பிய படத்தைப் பெற்றவர், கோப்புறையில் ஒரு காட்சியும் திறந்தால் வேறு காட்சியுமாகத் தெரிகிறதே என்று கேட்டபோதுதான் எனக்கே இது உறைத்தது.

அடுத்தது தேதி. எக்ஸிஃப்பில் மூன்று தேதிகள் உண்டு: எடுத்த நேரம், எண்ணிம வடிவுக்கு வந்த நேரம், கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம். ஸ்கேன் செய்த படத்தில் முதல் இரண்டும் பல பத்தாண்டுகள் வேறுபடலாம், வேறுபடவும் வேண்டும். இவை மூன்றும் கோப்புக்கு உள்ளே இருப்பவை. இவற்றுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் ‘உருவாக்கிய நேரம்’, ‘மாற்றிய நேரம்’ ஆகியவை வேறு; மாற்றி மென்பொருள் புதுக்கோப்பை எழுதுவதால் அவை இன்றைய தேதியாகத்தான் இருக்கும். படங்களைக் காட்டும் செயலி உள்ளே தேதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வெளித்தேதிக்குப் போகும். உங்கள் படங்கள் மாற்றிய நாளில் குவிந்து நிற்பது உள்தேதி காணாமல் போனதன் அடையாளம்.

எக்ஸிஃப் தேதி ‘2014:03:09 18:25:07’ என்ற வாக்கில், ஆண்டு மாதம் நாளுக்கு நடுவிலும் முக்காற்புள்ளி வைத்து எழுதப்படும். எந்த நேர மண்டலம் என்பது அதில் இல்லை. நேர வித்தியாசத்தை எழுதத் தனிப் புலம் 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. அதை ஆதரிக்காத பழைய மென்பொருளின் வழியாகப் படம் போனால் அந்தப் புலம் மட்டும் சத்தமில்லாமல் உதிரக்கூடும். ஜிபிஎஸ் பகுதியில் உள்ள நேரம் மட்டும் எப்போதும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். நொடியின் பின்னத்துக்கும் தனிப் புலம் உண்டு. தொடர்ச்சியாக ஒரே நொடியில் பத்துப் படம் எடுத்திருந்தால், அந்தப் புலம் இல்லாமல் அவற்றின் வரிசை கலைந்துவிடும்.

ஜிபிஎஸ்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறியில்லாத எண்களாக இருக்கும். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது வேறு இரண்டு புலங்களில் ஓர் எழுத்தாக இருக்கும். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டால், மேற்கு அரைக்கோளத்தில் எடுத்த படம் வரைபடத்தில் கிழக்கே போய் விழும். வடகிழக்குக் காற்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிழை பல ஆண்டுகள் தெரியாமலே இருக்கும், ஏனென்றால் எழுத்து இல்லாத எண்ணைப் பெரும்பாலான மென்பொருள்கள் வடக்கு, கிழக்கு என்றே கொள்கின்றன.

தமிழில் எழுதிய விளக்கங்கள் சிதைந்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர்களுக்கு இது வருவதே இல்லை, வழிகாட்டிகளும் இதைத் தொடுவதில்லை. எக்ஸிஃப்பில் விளக்கத்துக்கான புலம் தொடக்கத்திலிருந்தே ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளுக்கு, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. அதில் எல்லா மொழிகளையும் பைட்டாக எழுத உதவும் யுடிஎஃப்-8 முறையில் எழுத்துகளை எழுதலாம் என்ற முறையான வழி 2023-இல் வந்த 3.0 பதிப்பில்தான் ஏற்பட்டது. அதற்கு முன் தமிழை எழுதிய மென்பொருள்கள் விதியை மீறித்தான் எழுதின. படிக்கும் மென்பொருளும் அதே மீறலைச் செய்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. ஐபிடிசியின் பழைய அமைப்பில் யுடிஎஃப்-8 எழுதலாம், ஆனால் ‘இதில் உள்ளது யுடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் மூன்று பைட் குறி ஒன்று தொடக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றி மென்பொருள் விளக்கத்தைக் கொண்டுவந்து அந்தக் குறியை மட்டும் விட்டுவிட்டால், படிப்பவன் அதை லத்தீன் எழுத்து என்று எண்ணிக்கொள்வான். அப்போதுதான் தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறியும் மாறி மாறி வரும் குப்பை தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் இ0, இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். அவற்றின் லத்தீன் தோற்றம்தான் நீங்கள் பார்ப்பது. இந்தக் குப்பை தெரிந்தால் மகிழுங்கள், பைட்டுகள் கெடவில்லை. சரியான குறியைப் போட்டுப் படித்தால் தமிழ் திரும்ப வந்துவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அந்தக் கோப்பில் எழுத்து போய்விட்டது. மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

நீளமும் ஒரு தடை. ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட், ஊர்ப் பெயருக்கு 32 பைட், விளக்கத்துக்கு 2,000 பைட் என்று எல்லை உண்டு. ‘புகைப்படம்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடு கணக்கில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து பத்துக் குறி, யுடிஎஃப்-8-இல் முப்பது பைட். ஆக ஒரு குறிச்சொல்லில் இந்த அளவுச் சொல் இரண்டைத்தான் அடக்க முடியும். ஊர்ப் பெயர்ப் புலத்தில் ஒன்றுதான். எல்லையைக் கறாராகப் பார்க்கும் மென்பொருள் மிச்சத்தை வெட்டும், சில சமயம் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டும். எக்ஸ்எம்பியில் இத்தகைய எல்லை இல்லை. விளக்கத்துக்கு மொழிக்குறியும் போடலாம். தமிழில் எழுதுபவர்கள் எக்ஸ்எம்பியை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் வந்தால் சரி என்ற அளவில் வைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஆனால் ஒரே விளக்கம் மூன்று பொட்டலத்திலும் இருந்து, மூன்றும் மூன்று விதமாக இருந்தால் எதை நம்புவது? இதற்காக அடோபி, ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி ஆகியவை சேர்ந்து ஒரு குழு அமைத்து, 2010-இல் இரண்டாம் பதிப்பாக ஒரு வழிகாட்டியும் வெளியிட்டன. எல்லா மென்பொருள்களும் அதைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மாற்றும்போது மூன்றிலும் ஒரே வாசகம் இருக்கும்படி ஒத்திசைத்துவிடுவது பின்னால் வரும் குழப்பத்தைக் குறைக்கும்.

மாறிப்போகும் வடிவம் எது என்பதும் முக்கியம். ஜேபெக், டிஃப், ஹெச்இஐசி, வெப்பி நான்கும் எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, நிற விவரம் மூன்றையும் ஏற்கும். பிஎன்ஜி நெடுங்காலம் எக்ஸிஃப்புக்கு இடமில்லாமல் இருந்தது. 2017-இல்தான் அதற்கென்று ஒரு துண்டு பதிவாயிற்று. அதற்கு முன் இமேஜ்மேஜிக் போன்றவை எக்ஸிஃப்பைப் பதினாறடி எண் எழுத்துகளாக மாற்றி ஒரு குறிப்புத் துண்டில் ஒளித்து வைத்தன. அதை எல்லா மென்பொருளும் அறியாது. புகைப்படத்தை பிஎன்ஜி ஆக்குவதில் கோப்பு பெருப்பதைத் தவிர பெரிய பயனும் இல்லை, ஆகவே நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கேமராவின் ரா கோப்புகளைத் தரப்படுத்த நினைப்பவர்களுக்கு, அடோபி 2004-இல் வெளியிட்ட டிஎன்ஜி ஒரு வழி. கேமரா நிறுவனம் தன் மறைமொழியில் எழுதும் ‘மேக்கர்நோட்’ பகுதியையும் அது ஒரு தனி அறையில் வைத்துக்கொள்கிறது. அந்த மேக்கர்நோட் தொட்டால் சுருங்கும் சாதி. உள்ளே உள்ள முகவரிகள் பல நேரம் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை. பகுதி இடம் மாறினால் முகவரிகள் பொய்யாகிவிடும். அதைத் திருத்திக் கொண்டுவரத் தெரிந்த கருவிகள் மிகச் சிலவே.

சில தகவல்கள் கோப்புக்குள்ளேயே இருக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது. லைட்ரூம் போன்ற படத் தொகுப்பு மென்பொருள்களில் நீங்கள் எழுதும் குறிப்பு முதலில் அதன் தரவுத்தளத்துக்குத்தான் போகும். ரா கோப்பாக இருந்தால், எழுதச் சொன்னபின் பக்கத்தில் ஓர் எக்ஸ்எம்பி துணைக்கோப்பாக விழும். மூலத்தை மட்டும் மாற்றி மென்பொருளில் போட்டால் துணைக்கோப்பு பின்னால் வராது. துணைக்கோப்பின் பெயரிலும் இரண்டு மரபு உண்டு: அடோபி பின்னொட்டை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று போடும்; டார்க்டேபிள், டிஜிகேம் ஆகிய மென்பொருள்கள் முழுப்பெயருக்குப் பின்னால் சேர்க்கும். கைப்பேசியின் படச் செயலியில் நீங்கள் திருத்திய தேதியும் மூலக் கோப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐபோனில் நகரும் படமாக எடுத்தவற்றின் அசைவு தனி வீடியோக் கோப்பில் இருக்கும். ஆழ விவரமும் ஒளிர்வு வரைபடமும் ஹெச்இஐசிக்குள் துணைப்படங்களாக இருக்கும். சாதாரண ஜேபெக் மாற்றத்தில் இவை வராது. ஹெச்இஐசி மூலத்தை அழிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். இதற்கு நான் கைவசம் வைத்திருப்பது எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி. ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் எழுதி வருவது. கட்டளை வரியில் இயங்கும். மேக்கர்நோட்டின் முகவரிகளைத் திருத்திக் கொண்டுவருவதிலும் எழுத்துக்குறி முறைகளிலும் இதற்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. இதில் ‘டேக்ஸ்ஃப்ரம்ஃபைல்’ என்ற விருப்பம் ஒரு கோப்பின் தகவல்களை எடுத்து இன்னொன்றில் எழுதும். மூலக் கோப்பின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டாம். ‘இந்த ஜேபெக்கின் அதே பெயருடைய ஹெச்இஐசியிலிருந்து எடு’ என்று பெயர் வாய்பாடாகக் கொடுத்தால் கோப்புறை முழுவதையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். எதை எடுப்பது என்னும் இடத்தில் ‘ஆல்’ என்று ஒரு முறை மட்டும் போட்டால் அது தனக்கு விருப்பமான பொட்டலத்தில் மாற்றி வைக்கும். முக்காற்புள்ளி இட்டு ‘ஆல்:ஆல்’ என்று போட்டால் எந்தப் பொட்டலத்தில் இருந்ததோ அதே பொட்டலத்தில் வைக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. நிற விவரத்தை அது தானாக எடுக்காது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: மாற்றி மென்பொருள் புள்ளிகளின் எண்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி எழுதியிருந்தால், பழைய நிற விவரத்தை ஒட்டக் கூடாது, ஒட்டினால் நிறம் மிகையாகத் தெரியும். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

திசைக்குறியை விலக்கு என்று அதே கட்டளையில் சொல்லிவிட்டு, படங்கள் ஏற்கெனவே நிமிர்ந்திருந்தால் அதன் மதிப்பை 1 என்று எழுதச் சொல்லுங்கள். அகல உயரங்களைப் புதிய கோப்பிலிருந்தே எழுதச் சொல்லுங்கள். சிறுபடத்தை நீக்கச் சொல்லுங்கள், வேண்டும் மென்பொருள் புதிதாகச் செய்துகொள்ளும். கடைசியாக, எடுத்த நேரத்தையே இயங்குதளத்தின் ‘மாற்றிய நேரம்’ ஆக்கும்படியும் இதே கருவியிடம் சொல்லலாம். உள்தேதியைப் படிக்காத செயலிகளிலும் வரிசை சரியாகிவிடும். இது எழுதும் ஒவ்வொரு கோப்புக்கும் பழைய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். வட்டு நிரம்புகிறதே என்று அதை முதலிலேயே அணைத்துவிடாதீர்கள்.

பெயர் பொருத்தத்தில் ஓர் எச்சரிக்கை. பல கேமராக்களும் சில கைப்பேசிகளும் நான்கு இலக்க எண் வைத்துப் பெயரிடுவதால் 9999-க்குப் பிறகு மறுபடி 0001 வரும். எல்லா ஆண்டுப் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டிவிட்டுப் பெயரால் பொருத்தினால், ஓர் ஆண்டின் தேதி இன்னோர் ஆண்டின் படத்தில் ஏறிவிடும். இது காணாமல் போவதைவிட மோசம், ஏனென்றால் தப்பான தகவல் சரியானது போலவே தோன்றும். மூலத்தின் கோப்புறை அமைப்பை நகலிலும் அப்படியே வைத்துக்கொண்டு, கோப்புறை கோப்புறையாக ஓட்டுங்கள்.

கட்டளை வரி வேண்டாம் என்றால், இர்ஃபான்வியூவில் ஜேபெக்காகச் சேமிக்கும் உரையாடலில் எக்ஸிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி மூன்றுக்கும் தனித்தனியாக ‘மூலத்தில் உள்ளதை வைத்துக்கொள்’ என்ற பெட்டிகள் உள்ளன. எக்ஸ்என்கன்வர்ட்டிலும் அத்தகைய தேர்வு உண்டு. லைட்ரூமின் ஏற்றுமதியில் ‘எல்லா மெட்டாடேட்டாவும்’ என்பதைத் தேர்ந்தெடுப்பதோடு, இடத்தை நீக்கும் பெட்டி அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முழுத் தொகுப்பில் கை வைக்கும் முன் ஐந்தாறு படங்களில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படங்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது: செங்குத்தாக எடுத்தது ஒன்று, இடக்குறிப்பு உள்ளது ஒன்று, தொடர் படங்களில் இரண்டு, ஓரம் வெட்டித் திருத்தியது ஒன்று, நீளமான தமிழ் விளக்கம் உள்ள டிஃப் ஒன்று. மாற்றிய பின் இரண்டு வெவ்வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் பார்த்தால் அதன் தாராள மனம் பிழையை மறைத்துவிடும். முழுத் தொகுப்பும் முடிந்த பிறகு, எக்ஸிஃப்டூலைக் கொண்டு இரண்டு கோப்புறைகளின் கோப்புப் பெயர், எடுத்த நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, விளக்கம் ஆகியவற்றைச் சிஎஸ்வி அட்டவணையாக எடுத்து, விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எண்ணிக்கை பொருந்தாத இடமும் வெற்றுக் கட்டமும் உடனே கண்ணில் படும்.

மூலக் கோப்புகளில் சிலவற்றை ஏற்கெனவே அழித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னால், அவற்றுக்கு முழு மீட்பு இல்லை, ஆனால் தேதியையாவது பிடிக்க வழிகள் உண்டு. கோப்புப் பெயரிலேயே எட்டு இலக்கத் தேதி இருந்தால் எக்ஸிஃப்டூல் அதைப் படித்து எடுத்த நேரமாக எழுதும். நகரும் படத்தின் வீடியோப் பகுதி மிஞ்சியிருந்தால் அதில் தேதி இருக்கும். ஆனால் அந்த வகைக் கோப்பின் உருவாக்க நேரம் யுடிசியில் எழுதப்படுவது என்பதால் நேர மண்டலத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்திருந்தால், டேக்அவுட் என்ற அதன் பதிவிறக்க வசதி வழியாக இறக்கும்போது ஒவ்வொரு படத்துடனும் வரும் ஜேசன் என்ற எழுத்துக்கோப்பில் எடுத்த நேரமும் இடமும் விளக்கமும் இருக்கும்; அங்கிருந்தும் இதே கருவியால் படத்துக்குள் எழுதிவிடலாம்.